சின்னஞ்சிறு சொற்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசத் தகுந்த சான்றோர் பலர் இக்காலனியில் இருக்க, 10ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே எழுத்தராக அமர்ந்த என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் அறிந்தது கோப்பும், கோப்பில் எழுதும் ஆங்கிலமுமே. ஆதலின் அது பற்றியே சில சொல்வேன்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் இழைத்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இறந்துபோன கலாசி ஒருவரின் மனைவிக்குச் சேர வேண்டிய பணம் பற்றிய கோப்பு என் மேசைக்கு வந்தது. அதன் ஓரத்தில் அதிகாரி, ‘மஸ்ட் நாட் பி புட் ஆஃப்’ என்று எழுதியிருந்தார். கோப்பை மேலிடத்துக்குச் சமர்ப்பிப்பதை ‘புட் அப்’ என்பர் என்று அப்போதுதான் கற்றிருந்தேன். ‘ஆஃப்’, ‘அப்’ இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ‘சமர்ப்பிக்கக் கூடாது’ எனப் பொருள் செய்து, கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் எழுதியதன் பொருளோ, ‘ஒத்திப்போடக் கூடாது’ என்பது! 3 வாரம் அந்த அம்மையார் நாள்தோறும் வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்து திரும்பினார். பிழை வெளிப்பட்ட அன்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை.

அன்று முதல் இச்சிறு சொற்களைக் கருத்தூன்றிக் கற்கலானேன். அதிகாரியின் குறிப்பில் இரு கூறுகள் உள்ளன. ‘மஸ்ட் நாட்’ என்பது ஆணையின் வன்மையை உரைப்பது. ‘புட் ஆஃப்’ என்பது செயலை உரைப்பது. முன்னதன் இனத்தில் கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என 9 துணைவினைகள் உள்ளன. ஆற்றல், இசைவு, ஐயம், கடமை ஆகியவற்றை இவை உணர்த்தும். பின்னதோ, எளிய வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணு. ‘லுக் இன்டு’ என்றால் விசாரணை செய். இவ்வகைச் சேர்க்கை அயலார்க்குப் பேரிடர் தரும் என்று, சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே கூறியுள்ளார். எனவே நாம் இடறினால் அதில் வியப்பில்லை.

ஆயினும் தமிழ் அறிந்தவனுக்கு இவ்வழி முற்றும் புதிதன்று. ‘பார்’ என்பதிலிருந்து பார்த்துக்கொள், பார்த்துவிடு என வெவ்வேறு பொருள் பிறப்பதை நம் குழந்தைகளும் அறிவர். நான் போகலாம், நீ போகலாம், அவர்கள் போகலாம் என்பவற்றில் ‘லாம்’ மாறுகிறதா? இல்லை. ஆங்கிலத்தின் ‘கேன்’, ‘மஸ்ட்’ முதலியனவும் அவ்வாறே யார்க்கும் மாறாமல் நிற்கும். நம் அண்டை வீட்டு வங்காளியரோ ‘ஆமி ஜேதே பாரி, துமி ஜேதே பாரோ, ஷே ஜேதே பாரே’ என்று ஆளுக்கேற்ப மாற்றுவர். ஆகவே மாணவர்களே, ‘ஹி கேன்ஸ்’ என்றோ, ‘ஹி கேன் லுக்ஸ் ஆஃப்டர்’ என்றோ எழுதாதீர்கள். துணைவினைக்குப் பின் வரும் வினை தன் இயல்பான வடிவிலேயே நிற்கும். இடையே ‘டு’ வருவதும் இல்லை.

வரிசைதான் தலைகீழ். ‘ஒப்படைத்துவிட வேண்டும்’ என்று நாம் கடமையை இறுதியில் வைப்போம். ‘மஸ்ட் ஹாண்ட் ஓவர்’ என்று ஆங்கிலத்தார் அதை முதலில் வைப்பர். மற்றொன்று: ‘அதை ஒத்திப்போடலாம்’ என்பதற்கு ‘வீ கேன் புட் இட் ஆஃப்’ என்று ‘இட்’டை நடுவில் வைக்க வேண்டும், ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. ஆனால் ‘லுக் இன்டு இட்’ என்பதில் ‘இட்’ இறுதியிலேயே வரும். இவற்றைப் பழக்கத்தால்தான் பெற வேண்டும்.

இனி, நம் தமிழே நம்மை ஏமாற்றும் இடங்கள் இரண்டைச் சொல்வேன். ‘வேண்டும்’ என்பதன் எதிர்மறை ‘வேண்டாம்’. ஆனால் ‘மஸ்ட்’ என்பதோடு ‘நாட்’ சேர்ந்தால் ‘வேண்டாம்’ ஆகாது. ‘கூடவே கூடாது’ என்னும் தடையாகும். ‘தேவையில்லை’ என்பதற்கு ‘நீட் நாட்’ என்பர். ‘சாவியை ஒப்படைக்கக் கூடாது’ என்பதும் ‘ஒப்படைக்கத் தேவையில்லை’ என்பதும் ஒன்றாகுமோ? ஒரு பொருள் பறிபோன பின் அவ்வேறுபாடு விளங்கி என்ன பயன்?

இரண்டாவது, விண்ணப்பம். ‘தாங்கள் இதனை அன்புகூர்ந்து விசாரிக்க வேண்டும்’ என்பது தமிழில் பணிவு. அதையே ‘யூ மஸ்ட் லுக் இன்டு திஸ்’ என்று எழுதினால் அதிகாரிக்கே ஆணையிட்டதாகிவிடும். ‘குட் யூ லுக் இன்டு திஸ்’ என்று கேட்பதே முறை. பள்ளிக்கும் வங்கிக்கும் விண்ணப்பம் எழுதும் நம் காலனிக் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். உள்ளத்தில் பணிவிருந்தும், ஒரு சொல்லால் செருக்கன் எனப் பெயர் வாங்குவானேன்?

பிற மொழி கற்பதில் தடுமாறுவது இழிவன்று. கும்பினி அதிகாரிகள் இந்நாட்டு மொழிகளைக் கற்பதற்கென்றே 1800இல் இந்நகரில் வில்லியம் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. ஆண்ட பேரும் பாடம் படித்தே நம் மொழிகளைக் கற்றனர்; பிழைக்க வந்த நாம் பிறர் மொழியைப் படித்துக் கற்பதில் நாணமென்ன? இழிவு, விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்வதே. அன்று பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த அம்மையார் 3 வாரம் காத்திருக்க நேர்ந்திராது. கேட்க வெட்கப்பட்டேன், என் வெட்கத்துக்கு அவர் விலை கொடுத்தார்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, ஐயம் வந்தால் கேளுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்கும்போது நகையாதீர்கள். இவ்வளவில் அமைகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!