மழலையரிடம் பயின்ற மொழி

தாய்மொழி என்பது தாயிடமிருந்து சேய்க்கு வருவது. சேயிடமிருந்து பெரியோர் கற்றுக்கொண்ட மொழி ஒன்றும் உண்டு, அது எபிரேயம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் வழிபாட்டிலும் ஏட்டிலும் வாழ்ந்து, அன்றாடப் பேச்சில் வழங்காதிருந்த அம்மொழி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலத்தீனத்து யூதக் குடியேற்றங்களில் மீண்டும் நாவேறிற்று. பள்ளியில் பயின்ற பிள்ளைகள் தங்குதடையின்றிப் பேச, ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியோர் தடுமாறினர்.

அவர்களுள் ஒருவர் ராகேல். 1890இல் ருஷ்யாவின் சராத்தோவில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே ருஷ்ய மொழியில் கவிதை எழுதியவர். 1909இல் சகோதரியுடன் ரெஹோவோத் என்னும் குடியேற்றத்தில் தங்கிய அவர் நாடிச் சென்றது பண்டிதரை அன்று, மழலையர் பள்ளியை. சிறுவர் பேச்சைச் செவிமடுத்தே மொழியைக் கற்றார். கதிர் சாயும் வேளையில் ஒரு மணி நேரம் மட்டுமே ருஷ்ய மொழிக்கென்று சகோதரியர் ஒதுக்கிக்கொண்டனராம். கவிதை கைவந்த மொழியை ஒரு கவிஞர் இவ்வாறு ஒதுக்கிவைப்பது எளிய செயலா?

எபிரேயம் புதிதாகக் கற்பவரை எழுத்திலேயே சோதிக்கும். வலமிருந்து இடமாக ஓடும் 22 எழுத்துகளும் மெய்யே. சில உயிரொலிக்கும் துணைநிற்பதுண்டு. உயிரொலி காட்டும் புள்ளிகளும் கோடுகளும் சிறுவர் நூலில் இருக்கும், கவிதையில் இருக்கும், செய்தித்தாளில் இரா. படிப்பவரே உயிரூட்ட வேண்டும். புள்ளியிடாத நம் ஓலைச்சுவடிகளோடு போராடியவர்க்கு இத்தொல்லை புரியும். வேர் பிடிபட்டாலோ, ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடும். ஸ், ஃப், ர் என்னும் மூன்று மெய்களிலிருந்து 'ஸேஃபர்' நூலாகும், 'ஸோஃபர்' எழுத்தாளர், 'ஸிப்பூர்' கதை, 'மிஸ்பார்' எண். ஃப், ப் இரண்டுக்கும் அங்கு ஓரெழுத்தே.

எபிரேயத்தில் ராகேலின் முதற்கவிதை அச்சேறியது 1920இல்தான். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் பிரான்சில் வேளாண்மை பயின்றார். முதல் உலகப் போர்க்காலத்தை ருஷ்யாவில் கழித்து, காசநோயுடன் 1919இல் மீண்டார். வேதநடையில் முழங்கிய கவிஞர்களுக்கிடையே அவருடைய வரிகள் சிறியவை, பேச்சை ஒட்டியவை. அதனைச் சொல்வறுமை எனக் கொள்வது பிழை. செவியால் கற்றவரின் தேர்வு அது.

தெகானியாக் கூட்டுப்பண்ணையில் வாழ வந்தவரை, நோய் தொற்றுமென்ற அச்சத்தால் பண்ணையினர் வெளியேறச் செய்தனர். மொழியைத் தந்த குழந்தைகளை நெருங்கவும் இயலாமற்போயிற்று. பின்னர்த் தெல் அவீவில் வாழ்ந்து, 'தாவார்' நாளிதழில் கவிதைகளை வெளியிட்டார். 1931இல், 40ஆம் வயதில் மறைந்தார். கினரெத் ஏரிக்கரையிலுள்ள அவர் கல்லறையோடு சேர்த்து, வருவோர் எடுத்துப் படிப்பதற்கென அவருடைய கவிதைநூல் ஒன்றை வைத்தனர்.