ஆரம்பப் பாடசாலையும் ஊர்க் கொண்டாட்டங்களும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் ஆரம்பப் பாடசாலையில் இவ்வருஷத்து ஆண்டு விழாவை முன்னிலும் விமரிசையாக நடத்த வேண்டுமென்று நண்பர் பலர் முனைந்திருக்கின்றனர். அவ்வுற்சாகத்தைக் குறைக்க யான் எழுந்தேனில்லை. கொண்டாட்டமே இல்லாத பள்ளிக்கூடம் பாலருக்குச் சிறைக்கூடமாய்விடும். ஆயினும் இக்கொண்டாட்டங்கள் வகுப்பறைக்கு யாது கொடுக்கின்றன, அதனின்று யாது எடுத்துக்கொள்கின்றன என்னும் கணக்கை, வரவு செலவுக்குப் பெயர்போன நம்மவர் இதுகாறும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் முன்னோர் பார்த்தனர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவிய உறவின்முறையார், வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் மகமை எடுத்தனர். வீடுதோறும் மாதர் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்து வேறு கலயத்தில் வைத்தனர். பிடியரிசிப் பள்ளி என்று ஊரார் வழங்கியது அதனாலேயே. அவர்கள் கொடுத்தது வருஷத்தில் ஒரு நாள் அன்று. அடுப்பு மூட்டிய நாளெல்லாம் கொடுத்தனர். அப்பள்ளியிற் பயின்ற காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. அவையும் விழாக்களே, பந்தலும் உண்டு, ஊர் முழுவதும் கூடியதும் உண்டு. ஆனால் பந்தல் பிரித்த மறுநாள் பள்ளியிற் பலகையும் நாற்காலியும் கடிகாரமும் நின்றன. ஏழைப் பிள்ளைகளின் உடம்பில் சட்டை இருந்தது. நம் விழா முடிந்த மறுநாள் எஞ்சுவது யாது? கிழிந்த வண்ணக் காகிதமும், ஒலிபெருக்கிக்காரரின் பாக்கிச் சீட்டுமே.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும் குறைந்த அளவாக விதித்திருக்கின்றது. அஃதாவது நாளொன்றுக்கு நான்கு மணி. விழாவிற்கு முன் மூன்று வாரம், வாரத்தில் ஐந்து நாள், பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஒத்திகை நடந்தால் 30 மணி நேரம் போயிற்று. ஏழரை நாட் படிப்பு. ஆடும் குழந்தைக்கு மட்டுமன்று இந்நஷ்டம். ஆசிரியை மேடைக்குப் போய்விட, வகுப்பில் வாயிற் கைவைத்து உட்கார்ந்திருக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் அவ்வளவே நஷ்டம். அவர்கட்கு ஆட்டமும் இல்லை, பாடமும் இல்லை.

நல்ல காலத்திலேயே இது பொறுக்கத்தக்கதன்று. கொரோனா நோயினால் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தமையால் எழுத்துக்கூட்டவும் மறந்த பாலர்க்காக, 2022-இல் அரசாங்கத்தார் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளில் தொடங்க வேண்டியதாயிற்று. இழந்த நாட்களை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மேடையில் நிற்பவர் யார் என்பதையும் கவனியுங்கள். பேச்சுப் போட்டியிற் பரிசு பெறுவோர் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே நான்கு குழந்தைகள். பேச்சை எழுதிக் கொடுத்தவர் தகப்பனார் என்பது ஊரறிந்த இரகசியம். நடன உடைக்கு வாடகை கொடுக்கவியலாத வீட்டுக் குழந்தைக்கு மாத்திரம் விழா நாளன்று காய்ச்சல் வந்துவிடுகின்றது.

திண்ணைப் பள்ளிக்கூட நாட்களில் நவராத்திரி வந்தால், உபாத்தியாயர் மாணாக்கரை வீடுவீடாக அழைத்துச் செல்வார். பிள்ளைகள் கோலாட்டம் அடித்துக் கற்ற பாட்டைப் பாடுவர். வீட்டார் உபாத்தியாயருக்குச் சம்மானம் அளிப்பர். அந்தப் பிரம்படியை யான் புகழ வரவில்லை. ஆனால் அங்கே கொண்டாட்டத்திற்கும் கற்பதற்கும் நடுவே சுவர் இல்லை. பாடமே ஊர்வலம் வந்தது.

நாமும் அவ்வாறு செய்யலாகாதா? நமது கடைவீதிப் பெரியவர் ஒருவர் பழைய மரக்காலையும் படியையும் உழக்கையும் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பில் வைக்கட்டும். நான்கு உழக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஆயின் மரக்காலுக்கு எத்தனை உழக்கு என்று குழந்தைகளே நெல்லை அளந்து காணட்டும். வாய்பாட்டை ஒப்பிக்கத் தடுமாறும் பையன் அன்று முப்பத்திரண்டு என்று உரக்கச் சொல்வான். அதே அளவையை விழா மேடையில் பெற்றோர் முன் அவன் செய்து காட்டட்டும். பாட்டிமாரிடம் கேட்ட கதையை ஒவ்வொரு குழந்தையும் தன் கையால் எழுதி, அவ்வேட்டை எடுத்து நான்கு வரியேனும் வாசிக்கட்டும். இதற்கு ஒத்திகை வேறு வேண்டுவதில்லை, ஒத்திகையே பாடம். விழா சற்று நீளும். சில பெரியோர் நாற்காலியில் உறங்கவும் கூடும். உறங்கட்டும்.

ஆதலின் ஒரு பிரேரணையை இச்சபைமுன் வைக்கின்றேன். ஆட்டம் பாட்டுக்கான ஒத்திகை பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவே நடைபெற வேண்டும். பள்ளியிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மேடையில் இடம் வேண்டும். உடைக்கும் அலங்காரத்திற்கும் குறித்துள்ள தொகையிற் பாதியைப் பாலர் வாசிக்கும் கதைப் புத்தகங்களுக்கு மாற்ற வேண்டும். பிடியரிசி எடுத்து வைத்தவர்கள் பெண்மக்களாதலின், தாய்மார்களுள் ஒருவரே இதனை ஆமோதிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். விழாத் தேதியை அதன் பின்னர் முடிவு செய்யலாம்.