திருகோணமலையில் துயிலும் கடற்படைத் தளபதி



திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் மனக்கண் முன் தோன்றும். ஓமந்தை முதலிய வன்னி ஊர்களில் வாழ்வோர் வவுனியா சென்று, ஹொறவப்பொத்தானை வழியாக அந்நகரை அடைவர். குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் அம்மக்களுட் பலர் கோணேசரைத் தரிசிக்கச் செல்லும்போதே கடலையுங் கண்டு மீள்வர். அந்நகரின் மைதானத்தை அடுத்துப் பழைய ஆங்கிலேயர் இடுகாடு ஒன்று உண்டு. அதனை நாடிச் செல்வோர் சிலரே. அங்கு அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஒருவர், கிழக்கிந்திய, சீனக் கடல்களில் ஆங்கிலக் கடற்படையின் தலைமைத் தளபதியாக விளங்கியவர். அவர் பெயர் சாள்ஸ் ஒஸ்ரின். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் என்றால் மாணவர் பலரும் இன்னாரென அறிந்துகொள்வர்.

1779ஆம் ஆண்டு ஸ்ரீவன்ரன் என்னும் சிற்றூரில், ஒரு குருவானவரின் எட்டுப் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். பன்னிரண்டு வயதில் போட்ஸ்மத் நகரிலிருந்த கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்து ஆங்கிலத் தரைப்படையிற் பணம் உள்ளவன் பதவியை விலைக்கு வாங்கலாம். கடற்படையில் அவ்வழக்கம் இல்லை. ஆறு ஆண்டுகள் பணிபுரிந்து, பாய் விரிக்கவும் திசை கணிக்கவும் கற்று, பரீட்சையிலுந் தேறியவனே லெப்டினன் ஆகலாம். ஆயினும் செல்வாக்குடையோரின் ஆதரவு இன்றி உயர்வது அரிது. ஒஸ்ரின் குடும்பத்து உறவினள் ஒருத்தியை மணந்த கப்டன் தோமஸ் வில்லியம்ஸ் என்பவரே சாள்சைத் தம் கப்பலிற் சேர்த்துக் கொண்டார். அவருடைய 'யூனிக்கோண்' கப்பல் 1796இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றியபோது சாள்சும் அதிற் பணிபுரிந்தார்.

பகைவர் கப்பலைப் பிடித்தால், அதன் விலையில் ஒரு பங்கு மாலுமிகள் யாவர்க்கும் பதவிக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படும். 'எண்டிமியன்' என்னும் கப்பலில் லெப்டினனாக இருந்த காலத்தில், கடும் புயலிடையே நான்கு பேருடன் சிறு படகில் இறங்கி, பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏறி, மறுநாள் வரை அதைத் தம் வசம் வைத்திருந்தார் சாள்ஸ். 1801இல் பரிசுப் பணமாக 30 பவுண் கைக்கு வந்ததும் அவர் செய்த முதற் காரியம் யாது? தமக்கையர் இருவர்க்கும் பொற்சங்கிலியும் புட்பராகச் சிலுவையும் வாங்கியதே. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய பணத்தை வீண் செலவு செய்கின்றானே என ஜேன் செல்லமாகக் கடிந்துகொண்டாலும், அவ்வன்பு அவர் நெஞ்சில் நிலைத்தது. 'மான்ஸ்பீல்ட் பார்க்' என்னும் நாவலில், கடற்படை இளைஞன் ஒருவன் தன் தங்கைக்குச் சிலுவையொன்று கொணர்ந்து கொடுக்கின்றான். சகோதரர் கொடுத்த சிலுவைகள் இன்றும் சோட்டன் ஊரிலுள்ள ஜேனின் இல்லத்தில் இருக்கின்றன.

1804இல் சிறு போர்க்கப்பல் ஒன்றன் தலைமை அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கரையில் ஐந்தாண்டுகளுக்கு மேற் கழிந்தன. 1807இல் பெர்மூடாத் தீவில் பான்னி பாமர் என்னும் இளம் பெண்ணை மணந்தார். 1810இல் முழுக் கப்டன் பதவி பெற்றார். பின்னர்த் தேம்ஸ் நதிமுகத்தில் நின்ற 'நமூர்' கப்பலில் மனைவி மக்களுடனேயே வாழ்ந்தார். 1814இல் நான்காவது குழந்தையைப் பெற்ற சில நாட்களுள் மனைவி இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. தாயற்ற மூன்று பெண் குழந்தைகளை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் மீண்டும் கடலுக்குச் சென்றார்.

துன்பம் அத்துடன் ஒழியவில்லை. 1816இல் அவருடைய 'பீனிக்ஸ்' கப்பல் துருக்கிக் கரையருகே புயலிற் சிக்கி உடைந்தது. இராணுவ நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. எனினும் நெப்போலியனுடனான போர் அதற்கு முன்னரே முடிந்துவிட்டமையால், கப்பல்கள் குறைந்து கப்டன்மார் மிகுந்திருந்தனர். பத்தாண்டுகள் அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. கரையோரக் காவற் பணியே கிடைத்தது.

கடற்படையின் பதவி முறையை இவ்விடத்து விளங்கிக் கொள்ளல் வேண்டும். கப்டன் ஆன பின் திறமைக்கு உயர்வில்லை. மூப்பு ஒன்றே படி. பட்டியலில் மேலே உள்ளோர் உயர்ந்தோ இறந்தோ இடம் விட்டால் மட்டுமே கீழே உள்ளவர் ஏறலாம். 1826இல் சாள்ஸ் மீண்டும் கடலேறி, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் பணி புரிந்தார். 1840இல் சிரியாக் கரையில் ஏக்கர்க் கோட்டை தாக்கப்பட்டபோது 'பெலரொபன்' கப்பலைச் செலுத்தினார். ஆயினும் 1846இலேயே றியர் அட்மிரல் ஆனார். அவ்வொரு படிக்கு அவர் காத்திருந்த காலம் 36 ஆண்டுகள்.

1850இல், எழுபது வயதில், கிழக்கிந்திய, சீனப் பகுதியின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய திருகோணமலை அப்பகுதிக் கப்பல்களுக்குப் பெருந்துணையான துறைமுகம். அதன் பெயரையே தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, ஜேன் மறைந்த 1817ஆம் ஆண்டில், பம்பாயில் வாடியா குடும்பத்தாராற் தேக்கு மரத்திற் கட்டப்பெற்றது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் மிதக்கின்றது.

1852இல் இரண்டாம் பர்மியப் போர் மூண்டது. முதிய தளபதி இரங்கூன் தாக்குதலிற் பங்குகொண்டார். பாய்க்கப்பலிற் பிறந்த அவருடைய வாழ்க்கை, காற்றை நம்பாத நீராவிக் கப்பலொன்றில் முடிந்தது. ஐராவதி நதியில் 'புளூட்டோ' என்னும் அக்கப்பலில், பீரங்கிக் குண்டுக்கன்றி வாந்திபேதிக்கு இரையாகி, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி அவர் உயிர்நீத்தார். வயது எழுபத்துமூன்று.

அவ்வாண்டு முடியுமுன் பெகு நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நாட்டு மக்களின் விருப்பத்தை எவருங் கேட்டிலர். அடிமைக் கப்பலைத் தடுத்த அதே கடற்படை, பிறர் நாட்டைப் பறிக்கவும் சென்றது. இரண்டு கட்டளைகளையும் சாள்ஸ் ஒரே பணிவுடன் நிறைவேற்றினார். தமக்கைக்குச் சிலுவை வாங்கிய அன்பையும், மூன்று குழந்தைகளைப் பிரிந்து சென்ற துயரையும், முப்பத்தாறாண்டுப் பொறுமையையும் நாம் மதிக்கலாம். ஆனால் ஒருவனுடைய கடமையுணர்வு எத்துணைத் தூயதாயினும், அது எதற்குப் பயன்பட்டது என்ற வினா நீங்குவதில்லை. வரலாறு கற்கும் மாணவர் மனிதரை வெறுக்காமலே அவ்வினாவைக் கேட்கப் பழகுதல் வேண்டும். திருகோணமலை செல்வோர் கோணேசரை வணங்கியபின், அவ்விடுகாட்டின் வாயிலிலுஞ் சற்று நின்று வருவது நன்று.