மங்கும் மழையும்: நிரற்சோதனையில் அடுக்கு வழிதல்



ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை பரவுமுன் பால்மரங்கள் நின்றன. மரத்தில் கட்டிய மங்கு வழிவதற்குக் காரணம் இரண்டு. பால் மிகுதியாகச் சுரந்திருக்கலாம். அல்லது மழைநீர் புகுந்திருக்கலாம். முன்னதற்குப் பெரிய மங்கு போதும். பின்னதற்கு எவ்வளவு பெரிய மங்கும் போதாது. கணினி நிரலைச் சோதிக்கும்போது நேரும் அடுக்கு வழிதலும் இவ்வாறே இருவகைப்படும்.

முதலில் சொற்களைத் தெளிவோம். நிரலுக்குள் தனித்து ஓடும் செயலோட்டம் ‘இழை’ எனப்படும். ஒவ்வோர் இழைக்கும் நினைவகத்தில் ‘அடுக்கு’ என்னும் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒரு நிரல்பாகம் மற்றொன்றை அழைக்கும்போது, திரும்பவேண்டிய இடமும் உள்மதிப்புகளும் அடுக்கின் மேல் ஏற்றப்படுகின்றன. பணி முடிந்ததும் இறக்கப்படுகின்றன. இடம் தீர்ந்த பின்னும் ஏற்ற முயன்றால் அடுக்கு வழிந்து நிரல் முறிகிறது.

நேரே ஓட்டுகையில் பழுதின்றி ஓடிய நிரல் சோதனையில் மட்டும் முறிவது கண்டு மாணவர் திகைப்பதுண்டு. காரணம் எளிது. லினக்ஸில் முதன்மை இழைக்குப் பொதுவாக 8 எம்.பி. அடுக்கு உண்டு. ரஸ்ட் மொழியோ சோதனைகளைத் தனித்தனி இழைகளில் ஓட்டுகிறது. அவ்விழைகளின் இயல்பளவு 2 எம்.பி. சி மொழி நூலகமான மசலின் 1.1.21ஆம் பதிப்பு முதல் புதிய இழைக்கு இயல்பாகக் கிடைப்பது 128 கே.பி. மட்டுமே.

ஓர் அழைப்புக்கு 512 பைட்டு தேவையெனக் கொள்வோம். 8 எம்.பி. அடுக்கு 16,384 அழைப்புகளைத் தாங்கும், 128 கே.பி. அடுக்கு 256 அழைப்புகளையே தாங்கும். ஆயிரம் படி ஆழம் செல்லும் நிரல் முன்னதில் வெல்லும், பின்னதில் முறியும். நிரலில் பிழையில்லை, மங்குதான் சிறிது. ஆயிரம் படிக்கு 500 கே.பி. வேண்டும் என்பதால், 1 எம்.பி. ஒதுக்கினால் இருமடங்கு இடம் கிடைக்கும். ஆனால் இந்த அளவை இழை பிறக்கும் முன்பே குறித்தல் வேண்டும். ஓடத் தொடங்கியபின் பெருக்க இயலாது.

முடிவு நிபந்தனையின்றித் தன்னைத்தானே அழைக்கும் நிரல்பாகமோ மழையை ஒத்தது. அடுக்கை இரட்டித்தால் முறிவு சற்றுத் தாமதமாகும், நீங்காது. ஆகவே, அளவைத் தொடுமுன் உள்ளீட்டைச் சுருக்கிப் பார்ப்போம். மிகச் சிறிய உள்ளீட்டிலும் வழிந்தால் மழையென்றே ஐயுறுவோம், நிரலைத் திருத்துவோம். உள்ளீட்டுக்கு ஏற்ப ஆழம் வளர்ந்து ஓரளவில் நின்றால், அதனை அளந்து, வேண்டிய இடத்தை ஒதுக்கி, காரணத்தைச் சோதனையிலேயே எழுதிவைப்போம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சோதனை என்பது சாட்சி. சோதனைக்கு மட்டும் அடுக்கைப் பெருக்கிவிட்டுப் பயனரிடம் சிறிய அடுக்கோடு நிரலை அளிப்பது, சாட்சியின் வாயை அடைப்பதாகும். பயனர் தரும் உள்ளீடே ஆழத்தை முடிவு செய்யுமாயின், ஆழத்திற்கு எல்லை வகுப்போம். அல்லது தன்னழைப்பை விடுத்துச் சுழலாக மாற்றி எழுதுவோம்.

மங்கை மாற்றுமுன் வானத்தைப் பார்ப்போம்.