டானிக் வாங்கும் காசுக்கு மத்தி வாங்குங்கள்

2020-ல் கொரோனா முதல் அலை வந்தபோது சென்னையில் அதிகம் அடிபட்ட மண்டலங்களில் ராயபுரமும் ஒன்று. காய்ச்சல் முகாம்களில் கபசுரக் குடிநீரும், வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகளும் கொடுத்தார்கள். அந்த அவசரம் போய்விட்டது. எதிர்ப்பு சக்தியை மாத்திரையில் தேடும் பழக்கம் மட்டும் பல வீடுகளில் தங்கிவிட்டது.

ஊட்டச்சத்து ஆலோசகராக வடசென்னைப் பக்கம் வேலை செய்கிற எனக்கு இது தினசரி அனுபவம். திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். "இவனுக்கு அடிக்கடி சளி பிடிக்குது மேடம், நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க." பையில் ஏற்கெனவே ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா இருந்தது. பையன் காலையில் என்ன சாப்பிட்டான் என்றேன். டீயும் பன்னும். மதியம் ரசம் சோறு. மீன் வாங்குவதில்லையாம்மா? "வஞ்சிரம் விக்கிற விலைக்கு எங்க மேடம் வாங்குறது?"

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நேயர்களே! வஞ்சிரம்தான் மீனா? மத்தி இருக்கிறது, நெத்திலி இருக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகள் எல்லாமே புரதம். நூறு கிராம் மத்தியில் ஏறக்குறைய இருபது கிராம் புரதம் உண்டு. ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டியும் கூடவே வருகின்றன. நெத்திலியைத் தலை கிள்ளி, குடலை எடுத்து, முள்ளோடு குழம்பில் போடுங்கள். அந்த மெல்லிய முள் வெந்து வாயில் கரையும். அதுதான் சுண்ணாம்புச் சத்து. புளியும் மாங்காயும் போட்டு வைத்து, மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள், அந்த ருசியே வேறு. மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை கைகொடுக்கும். கருவாடும் நல்லதுதான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பை நினைத்து அளவோடு சாப்பிடுங்கள்.

சாப்பாட்டால் எல்லா நோயும் தீரும் என்று நான் சொல்லவில்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்து மருந்து கொடுத்தது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே அதே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு சுமார்தான். ஆனாலும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வந்த நோயைத் தீர்ப்பது மருந்து என்பது அன்றே உறுதியானது.

வருமுன் காப்பதில்தான் சாப்பாட்டின் பலம். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வில், காசநோயாளி இருந்த வீடுகளில் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளியானது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து, நெருக்கமான வீடுகளில் வாழும் நமக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

மாத்திரையே வேண்டாமா என்று கேட்பீர்கள். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, சிறு குழந்தைகளுக்கு அரசு தரும் வைட்டமின் ஏ சொட்டு, பரிசோதனையில் குறைவு தெரிந்தால் பி12, டி, இவை அவசியம். நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். துத்தநாகம் மிஞ்சினால் உடம்பில் தாமிரம் குறையும். வைட்டமின் சிக்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

நேரம் முடிகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டானிக் தேடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் என்று தெரிந்தால், சிகிச்சைக் காலம் முழுக்க சத்துணவுக்கென்றே அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அந்தப் பணம் பவுடர் டப்பாவுக்குப் போகாமல் பருப்புக்கும் முட்டைக்கும் மத்திக்கும் போகட்டும்.