கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளி



‘மாண்டிசோரி’ என்று பெயர்ப்பலகை மாட்டிய மழலையர் பள்ளி இல்லாத ஊர் இன்று அரிது. அந்தப் பெயருக்குரிய அம்மையாரே நம் கொடைக்கானலில் குழந்தைகளோடு இருந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் பிரம்மஞான சபை அழைத்து அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மறு ஆண்டு இத்தாலி இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயருக்கு எதிராகக் குதித்தது. கூட வந்த மகன் மரியோவை எதிரி நாட்டவர் என்று ஆங்கிலேய அரசு சில வாரங்கள் காவலில் வைத்தது. போர் முடியும்வரை தாய்க்கும் மகனுக்கும் ஊர் திரும்ப வழியில்லை.

1942-லிருந்து இரண்டு ஆண்டுகள் கொடைக்கானல் வாசம். அங்கே சேர்ந்த குழந்தைகள் கொஞ்சம் பேர்தான், வயதும் ஒன்றல்ல. சின்னதும் பெரியதும் ஒரே இடத்தில் இருந்தன. மலையே வகுப்பறை. செடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், இலைகளை வகை பிரிப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த பாடத்தில் சிறுவர்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உலகம் முழுவதையும் ஒரே கதையாக முதலில் சொல்லி, பிறகு ஒவ்வொன்றையும் அதில் பொருத்திக் காட்டும் கல்விமுறை அந்த மலையில்தான் உருப்பெற்றது.

வயது கலந்திருப்பதுதான் மாண்டிசோரி முறையின் உயிர் என்று நான் நம்புகிறேன். ஐந்து வயதுக் குழந்தை பக்கத்தில் இருக்கும் எட்டு வயதுக்காரியைப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொள்கிறது. சொல்லிக்கொடுக்கும் அவளுக்கோ தன் பாடம் இன்னும் தெளிவாகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுவர் எழுப்பிவிட்டால் இருவருமே இழக்கிறார்கள்.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. அதனால் பெற்றோர்களே, சேர்க்கைக்குப் போகும்போது கட்டண விவரத்தோடு நின்றுவிடாதீர்கள். வகுப்பில் ஓர் ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்களா? தனக்குப் பிடித்த வேலையைக் குழந்தை தானே எடுத்துக்கொள்கிறதா? ஆசிரியை எவ்வளவு நேரம் பேசாமல் கவனிக்கிறார்? இந்த மூன்றையும் பார்த்த பிறகு விண்ணப்பத்தை வாங்குங்கள்.