மாடித்தோட்டம்: செடிக்கு முன் இடத்தைப் பாருங்கள்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடிப்பட்டம் நெருங்குகிறது. “என்ன விதை போடலாம்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். எதில் வைப்பது, எங்கே வைப்பது என்பதை முடிவு செய்துவிட்டால் விதை தானாக அமையும். நம்மைப் போன்ற அடுக்குமாடியில் இன்னொரு கேள்வியும் உண்டு: நம் வெண்டைக்காய்க்காக மேல்தளத்து வீட்டின் கூரை ஒழுகலாமா? அவர்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு க்ரோ பேக் சுமார் 21 லிட்டர் கொள்ளும். வெறும் தோட்ட மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 35 கிலோவைத் தாண்டும். நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பைகள் நிற்கும். 300 கிலோவுக்கு மேல். ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 விதி கணக்கில் கொள்ளும் சுமையோ சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். அதில் நீங்களும் நானும் துணி உலர்த்த நிற்பதும் அடக்கம்.

எனவே கலவையை மாற்றுங்கள். இரண்டு பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம். ஒரு பை ஏறக்குறைய 25 கிலோவில் நிற்கும். சதுர மீட்டருக்கு நான்கு பைகளுக்கு மேல் வேண்டாம். நடக்க வழியும் கிடைக்கும், காற்றோட்டமும் இருக்கும். நார்க்கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழியாமல் நிரப்பாதீர்கள். அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும்.

பைகளைத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். ஒரு சாண் உயர ஸ்டாண்டில் வைத்தால் அடியில் பெருக்கலாம், ஈரமும் தங்காது. இதைவிட முக்கியம், பந்தலுக்கோ நிழல்வலைக்கோ தளத்தில் துளை போடவே கூடாது. ஒரு போல்ட் போதும், தட்டோட்டுக்கு அடியில் செய்த நீர்க்காப்பு வீணாகிவிடும். பழைய பெயிண்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றிக் கம்பத்தை நட்டுக்கொள்ளுங்கள். புடலை, பீர்க்கை, பாகல் எல்லாவற்றுக்கும் அது தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை மட்டும் அவிழ்த்துவிடலாம்.

பழமரம் கேட்பவர்களுக்கு: 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டினால் ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் கொய்யா வைக்கலாம். பதியன் அல்லது ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். விதைக் கன்று பல வருடம் காக்க வைக்கும். டிரம் நிற்க வேண்டிய இடம் தூண் அல்லது பீமின் மேல். நடுத்தளத்தில் வேண்டவே வேண்டாம்.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் வருந்த வேண்டாம். மூன்று நான்கு மணி நேரம் வெயில் வந்தால் அரைக்கீரை, சிறுகீரை, புதினா, கொத்தமல்லி போதுமான அளவு வரும். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத் தொட்டி போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஆறு மணி நேர வெயில் இல்லாமல் முயலாதீர்கள். செடி உயரமாய் வளரும், காய் பிடிக்காது.

மண்ணில்லா விவசாயம் பற்றி இருவர் கேட்டார்கள். குழாயில் நீர் ஓடும் அமைப்பு பார்க்க அழகுதான். சித்திரை வெயிலில் மோட்டார் சில மணி நேரம் நின்றால் வேர் காய்ந்துவிடும், கரைசலும் சூடேறும். முதல் தோட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். ஏ.சி. தண்ணீர் நல்லது, மழைநீர் அதைவிட நல்லது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளைச் சேர்ந்து வாங்கலாம். ஆனால் யாரும் இப்போதே மூட்டையை மேலே ஏற்ற வேண்டாம். கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து, பீம் ஓடும் இடங்களைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்த பிறகே இடம் பிரிப்போம். அன்று மேல்தளத்து வீட்டாரும் உடன் இருக்க வேண்டும். எத்தனை பை, எத்தனை டிரம் என்று எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.